அலையும் ஒலியும்

திருக்கோணமலையிற் பிறந்து வளர்ந்தவனுக்கு அலையைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எண்ணுவது இயல்பே. இந்நகர் இரு நீர்ப்பரப்புகளுக்கு இடையே அமைந்தது. கிழக்கே டச்சுக் குடாவில் வங்கக் கடல் ஓயாது வந்து மோதுகின்றது; மறுபுறம் உட்துறைமுகம் ஏரிபோல் அடங்கிக் கிடக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் ஒரு கரையில் நுரை பறக்கும் வேளையிலும், மறுகரையில் தோணி கட்டிய கயிறு சிறிதே அசைந்துகொண்டிருக்கும். ஒரே நகரத்தில், ஒரே நாளில், ஒரே காற்றின்கீழ், இத்துணை வேறுபட்ட இரண்டு அலைகளைக் காணும் பேறு எல்லா ஊராருக்கும் வாய்ப்பதன்று. எனினும், காண்பது வேறு, அறிவது வேறு. இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது எமது கல்லூரி. விஞ்ஞான ஆசிரியனாகப் பல ஆண்டு பணிபுரிந்து ஓய்வுபெற்று ஓர்ஸ் ஹில்லில் வாழ்ந்துவரும் எனக்கு, இம்மலரில் எழுதுவதற்கு இதனினும் பொருத்தமான விடயம் தோன்றவில்லை. பழைய மாணவர்க்கு இது நினைவூட்டலாகவும், பயிலும் மாணவர்க்குப் பயனுடையதாகவும், ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோளாகவும் அமையுமாயின் மகிழ்வேன்.

நான் மேல்வகுப்பிற் பயின்ற 1960களில் விஞ்ஞானம் தமிழில் நடைபழகத் தொடங்கியிருந்தது. அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட சொற்றொகுதிகள் ஆசிரியர் மேசைமீது இருக்கும். வீச்சம், மீடிறன், அலைநீளம், அவத்தை, நெருக்கல், ஐதாக்கல் எனப் புதிய சொற்கள் நாள்தோறும் கரும்பலகையில் ஏறின. வீச்சம் என்னும் சொல் முதன்முதல் எழுதப்பட்ட அன்று வகுப்பிற் சிரிப்பு எழுந்தது. அகராதியில் அச்சொல்லுக்குத் தீநாற்றம் என்ற பொருளும் உண்டு. மீன் வாடியருகே வாழும் பிள்ளைகளுக்கு அப்பொருளே முந்தித் தோன்றியது. எங்கள் பௌதிக ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. “வலை வீசுகிறவன் கை எவ்வளவு தூரம் போகிறதோ அதுவும் வீச்சுத்தான், இங்கே நமக்கு வேண்டியது அந்த வீச்சு” என்றார். மீடிறன் என்பதையும் அவ்வாறே பிரித்துக் காட்டினார்: மீள்திறன், அதாவது ஒன்று மீண்டும் மீண்டும் நிகழும் திறன். தமிழ்நாட்டார் இதனை அதிர்வெண் என்பர். இரண்டும் நல்ல சொற்களே. பெயர் அச்சில் வருவதை என்றும் விரும்பாதவர் அவ்வாசிரியர். ஆகவே ஈண்டும் அவர் பெயரைக் கூறாது விடுகின்றேன்.

அவர் பாடத்தை ஊஞ்சலிலிருந்து தொடங்கினார். சித்திரைப் புத்தாண்டுக்கு வேப்பமரத்திற் கட்டும் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள் என்பார். அது அசையாது நிற்கும் இடம் ஓய்வுநிலை. அங்கிருந்து ஒரு பக்கத்தின் எல்லைவரை உள்ள தூரமே வீச்சம். ஓர் எல்லையிலிருந்து மற்றை எல்லைவரை உள்ள தூரம் அதன் இருமடங்கு. அலையிலும் முடியிலிருந்து தாழிவரை அளந்துவிட்டு வீச்சம் என்று எழுதும் பிள்ளைகள் இன்றும் உளர். அஃது இருமடங்கு வீச்சமாகும். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் வகுப்பை மௌனமாக்கியது. ஊஞ்சலை மெல்லத் தள்ளினால் ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம்? பலமாகத் தள்ளினால் எவ்வளவு நேரம்? பலமாகத் தள்ளினால் விரைந்து திரும்பும் என்றனர் சிலர். தூரம் கூடியமையால் நேரமும் கூடும் என்றனர் வேறு சிலர். கயிறு இரண்டரை மீற்றர் நீளமாயின், சிறு வீச்சமெனினும் சற்றுப் பெரு வீச்சமெனினும், போய்வரும் நேரம் மூன்று விநாடிக்குச் சற்று மேலாகவே இருக்கும். ஊஞ்சல் தலைக்கு மேல் எழும்பும்படி வீசினால் மட்டுமே நேரம் தெளிவாகக் கூடும். தள்ளும் வலிமை வீச்சத்தை மாற்றும், அலைவுகாலத்தை மாற்றாது. அலைவுகாலத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டவனுக்கு ஒலியியலிற் பாதி விளங்கிவிட்டது என்பது அவர் கொள்கை.

ஒரு மாலைப்பொழுதில் எங்களை ஓர்ஸ் ஹில் சரிவு வழியாக உட்துறைமுகக் கரைக்கு அழைத்துச் சென்றார். நீரில் ஒரு பொச்சுமட்டையை மிதக்கவிட்டு, அப்பால் ஒரு கல்லை எறிந்தார். வளையம் வளையமாய் அலை விரிந்து வந்து மட்டையைக் கடந்து கரையைத் தொட்டது. மட்டையோ தான் இருந்த இடத்திலேயே எழுந்து தாழ்ந்து நின்றது. அலை வந்தது, நீர் வரவில்லை. நுணுகி நோக்கின் நீர்த்துணிக்கைகள் சிறு வட்டமாகச் சுழன்று ஏறத்தாழப் பழைய இடத்துக்கே மீள்கின்றன. முன்னோக்கிச் செல்வது சத்தி ஒன்றே. ஒரு முடியிலிருந்து அடுத்த முடிவரை உள்ள தூரம் அலைநீளம். ஒரு விநாடியிற் கடந்து செல்லும் முடிகளின் எண்ணிக்கை மீடிறன். இரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். அவ்வளவுதான் கணக்கு. வீச்சம் இக்கணக்கில் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அது வேறொரு கணக்குக்கு உரியது: அலை சுமந்து செல்லும் சத்தியின் கணக்கு. வீச்சம் இருமடங்கானால் சத்தி நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

ஒலியும் அலையே; ஆயினும் கண்ணுக்குத் தெரியாத அலை. நீரலை மேலும் கீழுமாக எழுந்து தாழ்வதுபோல் வளி எழுந்து தாழ்வதில்லை. அதிரும் பொருள் தன்முன் உள்ள வளியை நெருக்குகின்றது. பின் விலகுகையில் அவ்விடம் ஐதாகின்றது. இந்நெருக்கலும் ஐதாக்கலும் மாறிமாறிச் செல்வதே ஒலி. அலை செல்லும் திசையிலேயே துணிக்கைகளும் முன்பின்னாக அசைவதால் இதனை நெட்டாங்கு அலை என்பர். இங்கும் வீச்சமும் மீடிறனும் தத்தம் தொழிலைத் தனித்தனியே செய்கின்றன. வீச்சம் கூடினால் ஒலியின் உரப்பு கூடும். மீடிறன் கூடினால் சுருதி ஏறும். பேச்சுவழக்கில் நாம் இரண்டையும் கலந்துவிடுகின்றோம். சத்தத்தைக் கூட்டு என்பதற்கும் குரலை உயர்த்து என்பதற்கும் ஒரே பொருள் கொள்கின்றோம். ஆனால் தம்பூரை எவ்வளவு பலமாக மீட்டினும் சுருதி மாறாது என்பதைப் பாடகர் அறிவர். ஊஞ்சலிற் கண்ட உண்மையே அது.

இவ்வுண்மையை ஓர்ஸ் ஹில்வாசிகள் நாள்தோறும் காதாற் கேட்கலாம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் ஊதும் சங்கு எல்லாம் ஒரே சுருதியில் அமைவதில்லை. அது மாலுமியின் விருப்பத்துக்கு விடப்பட்டதுமன்று. கடலில் மோதலைத் தடுக்க 1972 ஆம் ஆண்டில் ஏற்பட்ட சர்வதேச விதிகள், கப்பலின் நீளத்துக்கேற்பச் சங்கின் அடிப்படை மீடிறனை வரையறுத்துள்ளன. 200 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு 70 முதல் 200 ஹேட்ஸ் வரை. 75 மீற்றருக்கு மேல் 200 மீற்றருக்கு உட்பட்டதற்கு 130 முதல் 350 வரை. அதனிற் சிறியதற்கு 250 முதல் 700 வரை. மூடுபனியிற் கண் பயன்படாதபோது, சங்கொலியின் சுருதியைக் கேட்டே எதிரே வருவது பெருங்கப்பலா சிறுகப்பலா என்று மாலுமி மதிப்பிடுவான். ஒலி எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு: பெருங்கப்பலுக்கு 2 கடல்மைல், மிகச் சிறியதற்கு அரைக் கடல்மைல். முன்னையது மீடிறனின் பணி. பின்னையது வீச்சத்தின் பணி. இரு பண்புகளையும் ஒன்றோடொன்று மயங்கவிடாமல் உலகத்துக் கடலோடிகள் விதியாக்கி வைத்திருக்கும் சிறப்பை எண்ணி நான் வியப்பதுண்டு. பேரனை மடியில் இருத்திக்கொண்டு, கண்ணை மூடி, இப்போது ஊதியது பெரியதா சிறியதா என்று கேட்பது எங்கள் வீட்டு விளையாட்டு.

நிற்க. ஒலியியலை ஆய்ந்த பெருமக்களை நினைக்கும்போது, எமது மண்ணோடும் எமது கல்லூரியோடும் தொடர்புடைய ஒருவரை முதலிற் குறிப்பிடாது விடுதல் முறையன்று. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின் துறவு பூண்டு இராமகிருஷ்ண சங்கத்துப் பணியில் ஈடுபட்ட சுவாமி விபுலாநந்தர், திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் கவிஞராகவும் அறிந்தோர் பலர். பௌதிக அறிஞராக அறிந்தோர் சிலர். வழக்கொழிந்த பழந்தமிழ் யாழை மீண்டும் உருவாக்கப் புகுந்த அவர், இலக்கியச் சான்றுகளோடு அமையவில்லை. இழுவை மாறாத நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும் என்னும் கணக்கைக் கையிற்கொண்டு, இசை நரம்புகளின் விகிதங்களை ஆராய்ந்தார். குரல் 256 ஆயின் இளி 384 ஆகும். இஃது இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். செவியின்பமாக நாம் உணர்வது எண்ணின் எளிமையே என்பதை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் பூரிக்கின்றது. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டிற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. அவ்வாண்டிலேயே சுவாமிகளும் மறைந்தார். எமது ஆய்வுகூடத்தில் சுரமானியின் கம்பியை மீட்டிப் பாலத்தை நகர்த்தும் மாணவன், தான் செய்வது யாழாசிரியர் செய்ததே என்பதை அறிந்து செய்வானாயின், அப்பரிசோதனைக்கு வேறொரு சுவை பிறக்கும்.

மற்றவர் திருச்சிராப்பள்ளியருகே திருவானைக்காவிற் பிறந்த சர் சந்திரசேகர வெங்கடராமன். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930 இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்குப் பத்தாண்டு முன்னரே மிருதங்கத்தைப் பற்றி ஆய்வு வெளியிட்டிருந்தார். ஒரே சுருதியில் ஒரே உரப்பில் நாதஸ்வரமும் வயலினும் ஒலித்தாலும் இரண்டையும் காது பிரித்தறிகின்றது. காரணம், ஒவ்வொன்றிலும் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரங்கள் வெவ்வேறு வீச்சங்களிற் கலந்துள்ளமையே. இதனைப் பண்பு என்போம். நரம்பின் மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என ஒழுங்கான மடங்குகளாக அமையும். சாதாரணத் தோற்பறையில் அவ்வாறு அமைவதில்லை. ஆகவேதான் அதன் ஒலி இசையாகாது ஓசையாக நிற்கின்றது. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் வட்டமாக இட்ட கரணை, தோலின் நடுப்பகுதியைக் கனமாக்கி, அதன் மேற்சுரங்களை ஐந்தாம் மடங்குவரை ஒழுங்குக்குக் கொண்டுவருகின்றது என்று இராமன் காட்டினார். கரணையை அரைத்துப் பூசி, தட்டிப் பார்த்து, மீண்டும் பூசிய பெயரறியாக் கைவினைஞர் பலரின் செவியே அக்கண்டுபிடிப்பின் முதல் ஆய்வுகூடம். நூலறிவு பின்னர்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

ஒலி தொலைவு செல்லுந்தோறும் எவ்வாறு மெலிகின்றது என்பதும் இம்மேட்டில் இருந்து கற்கத்தக்கது. நகரில் பத்திரகாளி அம்பாள் கோயிலில் திருவிழா நிகழும் இரவுகளில், அருகே நிற்பவனுக்கு நாதஸ்வரமும் தவிலும் தாளமும் ஒருங்கே கேட்கும். தூரம் கூடக்கூடத் தாளத்தின் கூரிய ஒலி முதலில் மறையும். அடுத்து நாதஸ்வரத்தின் மேற்சுரங்கள் மழுங்கும். இறுதியில் தவிலின் அடியொலி மட்டும் எஞ்சும். உயர்மீடிறன் அலைகளின் சத்தியை வளி விரைவில் உறிஞ்சிக்கொள்கின்றது. தாழ்மீடிறன் அலைகளோ நெடுந்தூரம் செல்கின்றன. காற்றடங்கிய இரவில், உட்துறைமுகத்தின் மறுபக்கத்தில் தோணியில் இருப்போர் பேசும் பேச்சுக்கூட மேட்டிற் கேட்பதுண்டு. நீரையொட்டிய வளி குளிர்ந்தும் மேல்வளி வெம்மையாயும் இருக்கையில், மேலெழும் ஒலி முறிவடைந்து கீழ்நோக்கி வளைந்து வருவதே இதற்குக் காரணம். இரகசியம் பேசுவோர் துறைமுகக் கரையைத் தவிர்ப்பது நன்று.

இன்பமான ஒலிகளை மட்டும் கூறி அமைந்தால் இக்கட்டுரை முழுமை பெறாது. எம்மூர்ப் பிள்ளைகள் ஒலியின் வேகத்தைப் பாடநூலிலிருந்து கற்ற காலமும் உண்டு. வேறு வகையிற் கற்ற காலமும் உண்டு. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூரிலும் சம்பூர்ப் பக்கத்திலும் போர் மூண்டபோது, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் எழுந்த வெளிச்சம் ஓர்ஸ் ஹில்லிலிருந்து தெரியும். வெளிச்சம் தெரிந்ததும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவர். நமது வெப்பநிலையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கொள்ளலாம். முப்பது எண்ணியபின் ஓசை வந்தால் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளைகளின் முகம் மாறும். ஓசையோடு சன்னற் கண்ணாடியும் நடுங்கும். அது காதுக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த மீடிறன் அலைகளின் வேலை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ண வேண்டிய கணக்கை எம் பிள்ளைகள் பீரங்கிக்கு எண்ணினர். அக்கணக்கு இனி இடிக்கு மட்டுமே பயன்படுவதாக.

இதே கடலில், மனிதர் கேட்டறியாத இன்னோர் ஒலியும் உண்டு. கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடல் நோக்கிச் செல்கின்றது. ஆகவே பெருந்திமிங்கிலங்கள் கரைக்கு மிக அண்மையில் வருகின்றன. இந்து சமுத்திரம் 1979 இல் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், ரியூலிப் என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர் 1982 முதல் 1984 வரை இப்பகுதிக் கடல்களில் ஆய்வு நடத்தினர். திருக்கோணமலைக்கு அப்பால் அவர்கள் நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கிகளில் நீலத்திமிங்கிலத்தின் பாட்டு 1984 இற் பதிவாயிற்று. 100 ஹேட்ஸ் அளவினவும் அதனிலும் மிகத் தாழ்ந்தனவுமான நீண்ட ஒலிகள் அவை. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர். வளியிற் போல நான்கு மடங்குக்கு மேல். ஆகவே 20 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் அங்கே 75 மீற்றராகும். திமிங்கிலத்தின் உடலினும் அதன் குரலின் ஓர் அலை நீளமானது. இருண்ட ஆழ்கடலிற் கண் பயன்படாது. ஒலியே அவற்றுக்குக் கண். கப்பல்களின் இயந்திர இரைச்சல் அதே தாழ்மீடிறனில் அமைவதால், நாம் பெருக்கும் ஒவ்வோர் இரைச்சலும் அவற்றின் பார்வையை மங்கச் செய்கின்றது என்பதையும் துறைமுக நகரத்தார் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகின்றேன். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். அன்றைய எம் கடிகாரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் பிளந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் ஆழிப்பேரலை எம் கரையை அடைந்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மாவட்டத்திற் கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்கள் பேரழிவுற்றன. கிண்ணியா வைத்தியசாலையும் அலைக்கு இரையாயிற்று. அன்று முற்பகல் ஓர்ஸ் ஹில் மேட்டை நோக்கி ஈர உடையோடு ஏறிவந்தோரின் முகங்கள் என் கண்ணைவிட்டு அகலவில்லை. பொழுது சாயுமுன்னர், என்னிடம் பயின்ற ஒருவர் கடலோடு போயினார் என்ற செய்தி வந்தது. அலைநீளம், வீச்சம், மீடிறன் ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதக்கூடிய மாணவர் அவர். முதல் அலை வடிந்தபின், வெறுமையாய்க் கிடந்த கடற்றரையைக் கண்டு, படகை மீட்கக் கரைக்கு இறங்கியவர் என்று பின்னர் அறிந்தேன்.

அவ்வலையை அமைதியாக ஆராய எனக்குச் சில மாதங்கள் சென்றன. ஆழ்கடலில் அது பெரிய அலையாக இருக்கவில்லை. பூமி அதிர்ந்து இரண்டு மணித்தியாலத்தின்பின் வானிற் சென்ற செய்மதி அளந்தபோது, நடுக்கடலில் அதன் உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். டச்சுக் குடாவில் சாதாரண மார்கழி அலை அதனினும் உயரமானது. ஆனால் டச்சுக் குடா அலையின் நீளம் சில பத்து மீற்றர். அதன் நீளமோ பல நூறு கிலோமீற்றர். கப்பலில் இருந்தவன் பல நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு முழம் உயர்ந்து தாழ்ந்ததை உணரவும் மாட்டான். காற்றெழுப்பும் அலை கடலின் மேற்பரப்பை மட்டும் அசைக்கும். இவ்வலையோ மேற்பரப்பு முதல் கடலடி வரை உள்ள நீர் முழுவதையும் அசைத்து வந்தது. இத்தகைய அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 3,500 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 670 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் அளவே. கரையை அணுகுகையில் முன்பகுதி தளர, பின்பகுதி வந்து நெருக்குகின்றது. கொண்டுவந்த சத்தி எங்கே போகும்? வேகத்தில் இழந்ததை வீச்சத்தில் ஈடுசெய்கின்றது. ஆழமாறுதல் ஒன்றினால் மட்டும் வீச்சம் நான்கு மடங்குக்கு மேலாகும். குடாவின் வடிவமும் கரையின் சரிவும் மேலும் உயர்த்தும். அத்துடன், சாதாரண அலை விநாடிக்கணக்கிற் பின்வாங்கும்; இதுவோ பத்து, பதினைந்து நிமிடம் வரை இடைவிடாது உள்ளே பெருகிக்கொண்டிருந்தது. உயரத்தை மட்டும் நோக்கியவர் ஏமாந்தார். நீளத்தை நோக்கத் தெரிந்தவரே அதனை அறிவர்.

அவத்தை என்னும் சொல்லை மாணவர் வெறுமனே மனனஞ் செய்வர். அன்று அச்சொல் உயிரையும் மரணத்தையும் பிரித்தது. தாய்லாந்துக் கரைக்கு அலையின் தாழி முதலில் வந்தது, கடல் பின்வாங்கியது. புக்கெற்றில் விடுமுறைக்கு வந்திருந்த ரில்லி சிமித் என்னும் பத்து வயதுச் சிறுமி, இரு வாரத்துக்கு முன் தன் பாடசாலையிற் புவியியற் பாடத்திற் கற்றதை நினைவுகூர்ந்து எச்சரிக்க, அக்கரையில் இருந்த ஏறக்குறைய நூறு பேர் உயிர்தப்பினர். ஆனால் எமது கிழக்குக் கரைக்கு முடியே முதலில் வந்தது. கடல் பின்வாங்கும்வரை காத்திருந்தவனுக்கு இங்கே எச்சரிக்கை கிடைத்திராது. முதல் முடி வடிந்தபின்னரே கடல் விலகியது. விலகியதைக் கண்டு ஆபத்து நீங்கிற்று என்று எண்ணியோரை அடுத்த முடி வாரிச் சென்றது. அலை என்பது ஒரு முடியன்று, ஒரு தொடர் என்பதும், தாழியின்பின் முடி வரும் என்பதும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறியத்தக்கவை. அவற்றை ஏட்டிலன்றி எலும்பில் அறிந்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை, இன்று உண்டு. எனினும் கரையில் நிற்பவனின் சொந்த அறிவுக்கு ஈடான அமைப்பு வேறில்லை. நிலம் நீண்ட நேரம் நடுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலோ இறங்கினாலோ, மேட்டுக்குச் செல்க. பல மணித்தியாலம் கீழே இறங்காதிருக்க.

என் வயதொத்த பழைய மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. ஓர்ஸ் ஹில் வீட்டைச் சுற்றி இரவிற் சில்வண்டுகள் இரைகின்றன என்று பேரன் கூறுகின்றான். எனக்கு அவை மௌனமாகிச் சில ஆண்டுகளாயின. மனிதக் காது இளமையில் 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை கேட்கும். முதுமையில் மேல் எல்லையிலிருந்து தேயத் தொடங்கும். உயிரொலிகள் தாழ்மீடிறனில் உள்ளன, அவை எஞ்சும். சகரம், தகரம் போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகள் உயர்மீடிறனில் உள்ளன; அவை மறையும். பாசம் என்று சொன்னாலும் பாதம் என்று சொன்னாலும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கும். வீட்டார் இரக்கத்தோடு குரலை உயர்த்திக் கத்துகின்றனர். அவர்கள் கூட்டுவது வீச்சத்தை. நான் இழந்திருப்பது மீடிறனை. கத்துவதனால் கேட்கும் ஒலியே பெருக்கும். கேளாத ஒலி கேளாததாகவே நிற்கும். முகத்தை எதிரே காட்டி, சற்று ஆறுதலாக, சொற்களைப் பிரித்துப் பேசுவதே முதியோருக்குச் செய்யத்தக்க உபகாரம். வீட்டிற் பெரியவர் உள்ள இளைஞர் இந்த ஒரு வரியையாவது இக்கட்டுரையிலிருந்து எடுத்துச் செல்வாராக.

இளமையிலேயே இந்நிலையைத் தேடிக்கொள்வோரும் இன்று பெருகியுள்ளனர். ஒலியின் அளவைத் தெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 10 தெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேற் கேட்டல் காதுக்குத் தீங்கு. அதன்மேல் ஒவ்வொரு 3 தெசிபெலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 தெசிபெலுக்குக் கால் மணித்தியாலமே எல்லை. விழாக்களில் ஒலிபெருக்கியின் முன்னே குழந்தையைத் தோளில் வைத்து நிற்கும் தந்தையரும், காதுக்குள் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு உறங்கும் மாணவரும் இக்கணக்கைச் சிந்தித்தல் வேண்டும். உட்காதிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இறைவன் நாதவடிவினன் என்று போற்றும் நாம், அந்நாதத்தைக் கேட்கும் கருவியைக் கோயில் வாசலிலேயே பழுதாக்குவது பொருந்துமா?

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து நிறைவு செய்கின்றேன். ஆய்வுகூடத்தில் 256 என்று பொறித்த இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயிற் பிடித்து நீரை இறக்கினால், வளிநிரல் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் ஆகும்போது குழாய் திடீரென உரத்து ஒலிக்கும். இதுவே பரிவு. கவையின் மெல்லிய அதிர்வு, தன்னோடு ஒத்த மீடிறனைக் குழாயில் கண்டவிடத்து, பெரும் வீச்சமாக எழுகின்றது. கற்பித்தலும் அத்தகையது என்று நான் கருதுகின்றேன். உரத்துக் கூறுவதால் மாணவன் உள்ளம் ஒலிப்பதில்லை. அவன் அறிந்த ஊஞ்சலும், கடலும், கப்பற் சங்கும், தவிலும் எந்த மீடிறனில் உள்ளனவோ அந்த மீடிறனில் பாடமும் அமையும்போது அவன் தானே ஒலிப்பான். வரைவிலக்கணத்தை எழுதத் தெரிந்தவர்களை நாம் நிரம்ப உருவாக்கியுள்ளோம். வரும் ஆண்டுகளில், கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்தவர்களை இக்கல்லூரி உருவாக்குக. கல்லூரி அன்னையின் புகழ் அலை மேன்மேலும் வீச்சம் பெற்று நெடுந்தூரம் பரவுக.